தலை வரையாத பிள்ளை

அட்டையும் பேனையும் கொண்டு யார் வந்தாலும் எங்கள் குடியிருப்பில் முதலில் வாகனத்தைத்தான் பார்ப்பார்கள். வெள்ளை ஜீப் என்றால் கூரைத் தகரம் வரும். வான் என்றால் பாய், வாளி, பிள்ளைகளுக்குக் கொப்பி. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் நிவாரணக் கூப்பனை வெட்ட வருகிறவன், அவனிடம் வாயை அளந்து திறக்க வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வந்து இந்தக் கற்பிட்டி மணலில் விழுந்தவர்கள் நாங்கள். இருபத்தைந்து வருசத்தில் நன்றாகப் படித்த பாடம் ஒன்றுதான். கேட்கிறவனுக்கு ஓம் சொல்ல வேண்டும். பசியா? ஓம். பயமா? ஓம். பிள்ளை ராவில் அழுகிறதா? ஓம். இல்லை என்று சொன்னவன் வீட்டுக்கு ஒரு வாளிகூட வந்ததில்லை.

பக்கத்து வீட்டு றம்ஸியா அந்தப் பாடத்தை ஆனா ஆவன்னாவுக்கு முன்பே படித்தவள். அப்போது அகதிக் காம்பில் சின்னப் பிள்ளை. அட்டைக்காரர் வந்தால் அவளுடைய உம்மா தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளுவாள். இவள் இருமுவாள். அப்படி ஓர் இருமல், கேட்கிறவனுக்கே நெஞ்சு நோகும்.

இப்போது அவளுக்கும் பத்து வயதில் ஒரு மகள், றிஸ்மினா. புருசன் லத்தீப் தீவில் கருவாட்டு வாடியில் வேலை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் கரைக்கு வருவான். றம்ஸியா நிக்கொலஸ் முதலாளியின் வெங்காயத் தோட்டத்தில் கூலி. நான் அதே தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கிறவன். பெயர் அபூசாலி. பெரியவர்களுக்கு நான் காக்கா, அதாவது அண்ணன்; பிள்ளைகளுக்கு மூத்தாப்பா. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி.

றிஸ்மினாவுக்குப் படம் வரைகிற பைத்தியம். சீமெந்துப் பையின் உட்பக்கம், கடைச் சாமான் சுற்றி வந்த தாள், என் வீட்டுச் சுவர், எதையும் விடமாட்டாள். ஆனால் அவள் வரைகிற ஒருவருக்கும் தலை இருக்காது. உம்மா குந்தியிருந்து வெங்காயம் பிடுங்குவாள், முழங்காலில் செருகிய சீலை, மண் ஒட்டிய விரல், எல்லாம் இருக்கும். கழுத்தோடு முடிந்துவிடும். மேலே வானம். லத்தீப் சுறாவைக் கீறிக்கொண்டு நிற்பான், கழுத்துக்கு மேலே காகம் பறக்கும். காகத்துக்கும் தலை கிடையாது.

"என்னடி, எல்லாரையும் அறுத்துப் போட்டிரிக்கே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சி வரையக்கூடாது மூத்தாப்பா. வரைஞ்சா, அல்லாட முன்னால கணக்குச் செல்ற கியாமத்து நாளையில, அதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்க. ஹஸரத் சென்ன. தலை இல்லாட்டி உசிர் இல்லத்தானே? அப்ப கேக்க மாட்டாங்க."

ஓதல் பள்ளியில் குர்ஆன் சொல்லிக் கொடுக்கிற ஹஸரத் சொன்னதை எல்லாப் பிள்ளைகளும்தான் கேட்டார்கள். இவள் ஒருத்தி அதைக் கேட்டு, வரைகிறதையும் விடாமல், நடுவில் ஒரு வழி பிடித்திருந்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அந்த வருசம் மாசி மாதம் பள்ளிக்கூடத்துக்கு யூஜினி மிஸ் வந்தாள். சிலாபத்துப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, கம்பஸில் படித்து ஏதோ ஆராய்ச்சி. பிள்ளைகள் வரைகிற படத்தைப் பார்த்து மூளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மனதில் என்ன காயம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறதாம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நாள் சொல்லலாம், அது எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சொல்லுகிற வேலையை நான் நம்பவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

வகுப்பில் எல்லாருக்கும் வெள்ளைத் தாளும் பெஸ்டலும் கொடுத்து, குடும்பத்தை வரையச் சொன்னாளாம். மற்றப் பிள்ளைகள் ஹஸரத்தை அந்த நிமிசமே மறந்தார்கள். முட்டை போட்டு இரண்டு புள்ளி வைத்தால் டொபி கிடைக்கிறது, யார் விடுவார்கள்? றிஸ்மினா மட்டும் கழுத்தோடு நிறுத்தினாள்.

"தலை எங்க மகள்?" என்று மிஸ் கேட்டாளாம்.

"தலையெல்லாம் வீட்டுல இரிக்கி மிஸ்."

வகுப்பே சிரித்ததாம். மிஸ் சிரிக்கவில்லை. அதை எழுதினாளாம்.

"ஏன்டி உள்ளதச் செல்லல்ல?" என்று நான் கேட்டேன்.

"சென்னா ஹஸரத்துட காதுக்குப் போகும். அவங்க எல்லாருக்கும் பிரம்படி. ஸுஹைரா ஆறு மூஞ்சி வரைஞ்சவ மூத்தாப்பா. ஆறு!"

அந்தக் கிழமைக்குள் மிஸ் வீட்டுக்கு வந்தாள். வானில் வந்தாள். அதுதான் பிழையாய்ப் போனது.

நான் வேலிக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. றம்ஸியா கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ ஊற்றினாள். குரலை மெல்லியதாக்கிக்கொண்டாள். அந்தக் குரலை நான் காம்பில் கேட்டிருக்கிறேன், அது அவளுடைய உம்மாவின் குரல்.

"பிள்ளை நித்திரையில பயந்து எழும்புறதா அம்மா?"

"ஓம் மிஸ். எழும்பிக் கத்துவா."

"ஆக்களோட கதைக்கிறது குறைவா?"

"கதையே இல்ல மிஸ். செவரப் பாத்துக்கிட்டு இரிப்பா."

அந்த நேரம் றிஸ்மினா வளவின் பின்பக்கத்தில் ஆட்டைத் துரத்திக்கொண்டு, "ஹராங்குட்டி, என்ட கொப்பியத் திண்டுட்டே!" என்று கடற்கரைவரை கேட்கக் கத்தினாள்.

"அது ஆரு?"

"பக்கத்து வளவுப் புள்ள மிஸ்."

மிஸ் தலையை ஆட்டி எழுதினாள். நல்ல முகம். கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவளாய் இருந்திருந்தால் எங்களுக்குச் சுகம், கண்டவுடன் வாயை மூடியிருப்போம்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, பிள்ளை தலையில்லாத ஆக்களை வரையிறா. அப்படி எதையாவது எங்கயாவது கண்டிருப்பாவா?"

றம்ஸியா கொஞ்சம் தடுமாறினாள். ஹஸரத்தின் கதை அவளுக்குத் தெரியும், நாக்கின் நுனியில் வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வாளியும் தரமாட்டார்கள்.

"ஓம் மிஸ்," என்றாள். "கண்டிருப்பா."

அறுத்த கோழியைத் தவிர அந்தப் பிள்ளை தலையில்லாத ஒன்றையும் கண்டதில்லை. சண்டை நடந்த ஊரையே கண்டதில்லை. இந்த மணலில் பிறந்தவள்.

வான் போனதும் நான் வேலிக்கு மேலால் கேட்டேன். "என்ன தருவாங்களாம்?"

"செல்லல்ல காக்கா. ஆனா நல்லா எழுதினா. கண்ணும் கலங்கிட்டு. கூரைக்குத் தகரச் சீற்று வரும்போல இரிக்கி."

சீற்று வரவில்லை. அடுத்த மாதம் றிஸ்மினாவை வகுப்பிலிருந்து எழுப்பி, குறையுள்ள பிள்ளைகளுக்கான விசேட அலகில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

அந்த அலகு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்கு அருகில். யாரோ வெளிநாட்டுக்காரர் கட்டிக் கொடுத்தது. தரைக்கு மாபிள், மேலே காற்றாடி, சின்னச் சின்னச் சிவப்புக் கதிரைகள். காது கேளாத ஒரு பையன், கால் வராத ஒரு பெண்பிள்ளை, இன்னும் இரண்டொருவர். பாவம் பிள்ளைகள், அவர்கள்மேல் என்ன குற்றம். ஆனால் அங்கே மணி கோப்பார்கள், களிமண் உருட்டுவார்கள். ஸ்கொலர்ஷிப் பாடம் கிடையாது. றிஸ்மினா ஐந்தாம் வகுப்பு. ஆவணியில் சோதினை. அதில் பாஸ் பண்ணினால் புத்தளம் டவுனில் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும், தோட்டத்துக்கு வரத் தேவையில்லை. றம்ஸியாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். பாத்தியில் குந்தியிருந்து எங்கள் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிக் காது புளித்த ஆசை.

லத்தீப் தீவில். ஆகையால் நான் கூடப் போனேன். பள்ளிக்கூட அதிபர் ஜவாஹிர் ஸேர் மேசைக்குப் பின்னால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸேர், புள்ளைக்கு ஒண்டுமில்ல," என்றாள் றம்ஸியா. "நான் சென்னதெல்லாம் பொய்."

"பொய்யா?"

"நிவாரணம் தருவாங்க எண்டு சென்னது ஸேர். எல்லாரும் செல்றதுதானே."

"அதெப்படி? தாய் சொல்லி, மிஸ் எழுதி, வலயக் கல்விக் கந்தோருக்கும் போயிட்டுது. இப்ப நான் போய் அந்தப் பொம்பள பொய்க்காரி எண்டு செல்லவா? உனக்கு இனி ஒரு உதவி வருமா?"

"தலை வரையாதது ஓதல் பள்ளியில செல்லிக் குடுத்தது ஸேர். ஒங்களுக்குத் தெரியாதா?" என்று நான் இடையில் புகுந்தேன்.

அவர் வடையைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். "சத்தம் போடாதீங்க காக்கா. எனக்குத் தெரியும். இப்ப இரிக்கிற காலத்துல, முஸ்லிம் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மூஞ்சி வரைய விடுறல்ல எண்டு கம்பஸ் புத்தகத்துல ஏறினா என்ன நடக்கும்? அதப் படிக்கிறவன் என்ன செல்லுவான்? பள்ளிவாசலுக்குக் கல்லெறிஞ்ச ஊரெல்லாம் மறந்து போச்சா?"

அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமில்லை. அலகில் பிள்ளை குறைவு, குறைந்தால் மூடச் சொல்லுவார்கள், மூடினால் காற்றாடியையும் கழற்றிக்கொண்டு போவார்கள். இது பியூன் எனக்குச் சொன்னது.

"கொஞ்ச நாளைக்குத்தானே," என்றார் அதிபர். "புள்ளைக்குச் செவத்தக் கதிரை புடிச்சிரிக்கி. கேட்டுப் பாருங்க."

முதல் கிழமை பிடித்துத்தான் இருந்தது. பிறகு வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கியடிக்கு வந்து தலையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு ஆடிக் காட்டத் தொடங்கினார்கள். முன்னுக்கு நின்று ஆடியவள் ஸுஹைரா. பிரம்படியிலிருந்து தப்பியவள்.

வெள்ளிக்கிழமை லத்தீப் வந்தான். உப்பு ஊறிய கை, தோல் உரிந்த மூக்கு. றம்ஸியா சோறும் பாரைமீன் ஆணமும் வைத்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"ஊருல என்ன கதை தெரியுமா?" என்றான் லத்தீப். "என்ட மகளுக்குத் தலை சரியில்லையாம். வாடியில கேக்கிறானுகள், உன்ட வீட்டுல தலை எத்தினை எண்டு."

"நான் நல்லதுக்குத்தான் சென்ன."

"உன்ட உம்மாவும் நல்லதுக்குத்தான் சென்ன. இருமி இருமிச் செல்லி, காம்புல உனக்குக் கசநோய் எண்டு பேர் வெச்சாங்க. கலியாணம் பேசி வந்த நேரம் என்ட உம்மா ஒரு வருசம் வேணாம் எண்டு நிண்டது மறந்து போச்சா?"

"மறக்கல்ல."

"மறக்காத பொம்பள இப்பிடிச் செய்வாளா?"

றிஸ்மினா சுவரோரம் இருந்தாள். உண்மையாகவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன், றம்ஸியாவும் பார்த்தாள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு லத்தீப் ஹஸரத்தைக் கண்டு கேட்டான். "பள்ளிக்கூடப் பாடத்துக்கு எண்டா வரையட்டும் தம்பி, நான் தடுக்கல்ல," என்றார் ஹஸரத். "எல்லாருக்கும் பொதுவாச் சென்ன கதை. இவ ஒத்திதான் முழுசாக் கேட்டிரிக்கா." அவருக்கும் மனது நொந்துதான் போனது. அதிபரிடம் வந்து பேசுகிறேன் என்றார். அதிபர் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்.

சித்திரை முடிந்து மிஸ் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வந்தபோது, றம்ஸியா வானுக்குக் குறுக்கே போய் நின்றாள். முதலாளியிடம் அரைநாள் கேட்டு, மண் கையோடு வந்திருந்தாள். நானும் நின்றேன். மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். காம்பு, இருமல், வாளி, ஹஸரத், ஆட்டைத் துரத்தியது தன் மகள்தான் என்பது, எல்லாம்.

மிஸ் பொறுமையாகக் கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப மற்றப் பிள்ளைகள் ஏன் முகம் வரையிறாங்க அம்மா? நான் ஸேரிட்டயும் கேட்டேன். அப்படிப் பழக்கம் இங்க இல்லை எண்டார்."

"அவர் பயத்துல செல்றார் மிஸ்."

"சரி அம்மா."

"புள்ளைட்டயே கேளுங்க!"

றிஸ்மினாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிள்ளை எல்லார் முகத்தையும் பார்த்தது. ஜன்னலில் வகுப்பே தொங்கிக்கொண்டிருந்தது. வாயே திறக்கவில்லை. முன்பென்றால் ஒரு பகிடியாவது விட்டிருப்பாள்.

"பாத்தீங்களா," என்றாள் மிஸ், என்னிடம், மெதுவாக. "பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லத்தான் எல்லாத் தாய்மாரும் விரும்புவாங்க. எனக்கு விளங்குது ஐயா. முதல் நாள் அவ மனந்திறந்து சொன்னதுதான் உண்மை."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க பொய்யை நம்பினீங்க, உள்ளதச் சென்னா நம்புறீங்க இல்ல. அதென்ன படிப்பு?"

"பெரியவர், நீங்க தயவுசெய்து..." என்றார், சத்தம் கேட்டு வெளியே வந்த அதிபர்.

வான் போனது. வைகாசியில் கச்சான் காற்று எழுந்தது. மணல் சோற்றுக்குள் வரும், கண்ணுக்குள் வரும், மோட்டாருக்குள் போய் அதைக் கெடுக்கும். றம்ஸியா காற்றுக்கு முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு பாத்தியில் இருந்தாள். பேச்சைக் குறைத்திருந்தாள். ஸ்கொலர்ஷிப் என்ற சொல்லை மற்றப் பெண்களும் அவள் முன்னால் எடுப்பதில்லை.

கடைசித் தடவை மிஸ் வரப்போகிற செய்தி வந்ததும் றம்ஸியா ஒரு முடிவுக்கு வந்தாள். சனிக்கிழமை மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து, சாப்பாட்டு நேரம் என் மோட்டாரடிக்குக் கொண்டுவந்தாள். அங்கே தண்ணீர் சிந்தி மணல் ஈரமாய் இருக்கும். ஓர் ஈர்க்கில் குச்சியை முறித்துக் கொடுத்தாள்.

"மூஞ்சி போடு."

"உம்மா, ஹஸரத்..."

"ஹஸரத் போடலாம் எண்டிட்டார். போடு. முட்டை மாதிரி. கண் ரெண்டு. மூக்கு. வாய மேல வளைச்சுப் போடு. சிரிக்க வை."

போட்டாள். கோணலாய் வந்தது. கால் நகத்தையும் பிசகாமல் வரைகிறவளுக்கு முகம் வரையத் தெரியவில்லை, ஒருநாளும் போட்டுப் பழகாதவள்.

"இன்னொண்டு போடு. வாப்பாட."

"வாப்பா சிரிக்கிறல்லயே உம்மா."

"சிரிக்க வையிடி!"

அந்த மதியம் முழுக்க மோட்டாரடியில் மணல் நிறையச் சிரிப்பு. மூன்று மணிக்கு நான் தண்ணீர் திறந்துவிட்டபோது எல்லாம் கரைந்து போனது. பிள்ளை குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உசிர் கேப்பாங்களா மூத்தாப்பா?" என்று கேட்டாள். "மணல்ல போட்டதுக்குக் கேக்க மாட்டாங்க," என்றேன். எனக்கென்ன தெரியும்.

மிஸ் வந்த நாள் நானும் றம்ஸியாவும் அலகின் வாசலில் நின்றோம். பிள்ளை சிவப்புக் கதிரையில் இருந்து வரைந்தாள். உம்மா, வாப்பா, ஹஸரத், நான், ஆடு. எல்லாருக்கும் ஒரே முட்டை, ஒரே சிரிப்பு. ஆடும் சிரித்தது. கைகள் குச்சிபோல, விரலே இல்லை. உடம்பெல்லாம் பெட்டி. அவள் முன்பு வரைந்த படத்தோடு பார்த்தால், வேறு யாரோ அரைகுறைப் பிள்ளை வரைந்தது என்று சொல்லலாம்.

மிஸ் தாளை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முகம்! ஸேர், பாருங்க, எல்லாருக்கும் முகம்!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அதிபர். "எங்கட அலகுட வேலை மிஸ். இந்தப் பிள்ளைகளோட நாங்க படுற பாடு..."

றம்ஸியா ஓர் அடி உள்ளே வைத்தாள். "அப்ப இனி வகுப்புக்குப் போகலாம்தானே மிஸ்? சோதினைக்கு இன்னும் நாள் இரிக்கி. ராவும் பகலுமாப் படிப்பா."

மிஸ் அவளுடைய தோளைத் தொட்டாள். அன்பாய்த்தான் தொட்டாள். "அவசரப்படக்கூடாது அம்மா. இந்த இடம்தான் பிள்ளையை இந்தளவுக்குக் கொண்டு வந்திருக்கு. இப்ப மாத்தினா திரும்பவும் பழைய மாதிரிப் போயிருவா. சோதினை அமளி எல்லாம் அவவுக்குக் கூடாது. இங்கயே இருக்கட்டும். நான் அறிக்கையில நல்லா எழுதுறேன்."

றம்ஸியாவின் வாயில் ஓமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. பிள்ளையைப் படத்தோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் சீமெந்துப் பையைத் தொட்டு நான் காணவில்லை. என் சுவர் இப்போது சுத்தமாய் இருக்கிறது.

ஆவணியில் சோதினை நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வகுப்புப் பிள்ளைகள் காலையில் புதுச் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலுமாய் வரிசையாகப் போனார்கள். தாய்மார் பின்னால் ஓதிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு அன்று வெங்காயம் பிடுங்குகிற நாள், காற்று நின்றபாடில்லை. றம்ஸியா மகளைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் விட்டால் அந்த வரிசையைப் பார்ப்பாளே.

நிக்கொலஸ் முதலாளி பிடுங்கிய குவியலடியில் பிள்ளையை இருத்தி, விதைக்கு வைக்கிற காய் எது, கறிக்குப் போகிறது எது என்று காட்டிக் கொடுத்தார். ஒரு தரம்தான் காட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பார்த்தார். குவியல் இரண்டாய்ப் பிரிந்து சுத்தமாய்க் கிடந்தது. ஒன்றைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார்.

"இது ஆருட பிள்ளை?"

"எங்கட றம்ஸியாட," என்றேன்.

"அடி றம்ஸியா, உன்ட மகளுக்கு நல்ல மூளையடி!" என்று காற்றுக்கு மேலால் கத்தினார். "ரெண்டாந்தரம் சொல்லத் தேவையில்லை. கிழவிமார் மூண்டு மாசம் பழகியும் பிழை விடுறாளுகள். நாளைக்கும் கூட்டிக்கொண்டு வா."

பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. றம்ஸியா நிமிரவில்லை. முகத்துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.

மறுநாள் கூட்டிக்கொண்டுதான் வந்தாள்.